எலி லீவர் பெட்டி: அளப்பது அருமை, டிஸ்பென்சர் தலைவலி

கிருஷ்ணகிரியில் ஆய்வகம் அமைக்கும் நண்பர், நாங்கள் தருமபுரியில் ஓட்டும் அதே லீவர் பெட்டியை, அதாவது எலி லீவரை அழுத்தித் தீவனம் பெறும் சோதனைக் கூண்டை, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். லீவர், கம்பித் தளம், 28 வோல்ட் சப்ளை எதிலும் குறையில்லை. பேச்செல்லாம் பெல்லட் டிஸ்பென்சரை, அதாவது தீவன உருண்டையை ஒவ்வொன்றாகப் போடும் கருவியை, பற்றித்தான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தீவனக் கிண்ணத்தை எடை போட்டால் எலி எவ்வளவு தின்றது என்று தெரியும். அதற்காக எவ்வளவு பாடுபடும் என்பது தெரியாது. 1961இல் ஹோடோஸ் என்ற ஆய்வாளர் காட்டிய வழி அதைத்தான் அளக்கிறது. பெல்லட்டுக்குப் பெல்லட் அழுத்த வேண்டிய எண்ணிக்கை ஏறும், உதாரணமாக: 1, 2, 4, 6, 9, 12, 15, 20, 25, 32, 40, 50... எலி கைவிடுமுன் கடைசியாக முடித்த படிதான் பிரேக்பாயின்ட். வயிறாரத் தின்ற எலியை உள்ளே விட்டால் அந்த எண் சரிவதைப் பெட்டி அழகாகக் காட்டுகிறது.

ஐப்பசி மழை தொடங்கட்டும், அழகு போய்விடும். 45 மில்லிகிராம் பெல்லட் ஈரம் இழுத்து ஓரம் உதிரும். அந்த மாவு, டிஸ்பென்சருக்குள் பெல்லட்டைத் தள்ளிவிடும் சுழல்தட்டின் துளையை அடைக்கும். மோட்டார் சத்தம் கேட்கும், பெல்லட் விழாது. மென்பொருளோ கொடுத்தாயிற்று என்று எழுதிக்கொள்ளும். 25 முறை அழுத்தியும் ஒன்றும் வராத எலி மூலைக்குப் போய்விடும். அறிக்கையில் பிரேக்பாயின்ட் 25. மருந்து கொடுத்த எலியில் இது நடந்தால், பசியடக்கும் மருந்தைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் வேறு! பெல்லட் விழுந்ததா என்று பார்க்கக் குழாய் வாயில் இன்ஃப்ராரெட் சென்சார் வைக்கலாம். ஆனால் அதன் மேலும் மாவுதானே படியும்?

பெல்லட்டை டீ வடிகட்டியில் சலித்துப் போடுங்கள். இரவில் ஹாப்பரில் (டிஸ்பென்சரின் தீவனக் கலம்) விடாமல் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள். அக்ரிலிக் சுழல்தட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் கீறல் விடும். உலர்ந்த பிரஷ் போதும். போட்டதையும் மிஞ்சியதையும் 0.01 கிராம் தராசில் நிறுங்கள்: கணினி 12 பெல்லட் என்றால் 0.54 கிராம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லையா, அன்றைய எண்ணைத் தூக்கிப் போடுங்கள். தின்னாமல் கீழ்த்தட்டில் விழுந்து கிடப்பதைத் தனியாக எண்ண வேண்டும். சுழல்தட்டு தேய்ந்தால் கம்பெனியின் பதிலுக்குக் காத்திருக்காமல் ஓசூரில் ஒரு சிஎன்சி (கணினி இயக்கும் வெட்டு இயந்திரம்) பட்டறையில் மாதிரியைக் கொடுத்து வெட்டச் சொல்லுங்கள்.

சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கும் மாடலில் மாவுத் தொல்லை இல்லை. எறும்புத் தொல்லை உண்டு.

இத்தனை பாராட்டிவிட்டு இதைச் சொல்வது நியாயமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன்: வாங்காதீர்கள். தை பிறந்து காற்று காய்ந்ததும் திரும்பக் கேளுங்கள், வேறு பதில் வரலாம்.