ரிமோட்டுக்கு இடைஞ்சல் தரும் விளக்கு எது? குண்டு பல்பு, டியூப் லைட், சி.எஃப்.எல்., எல்.இ.டி. – ஓர் ஒப்பீடு

விளக்கைப் போட்டால் டிவி ரிமோட் திணறுகிறது, அணைத்தால் ஒழுங்காக வேலை செய்கிறது என்றால், பேட்டரியை மாற்றுவதற்கு முன் விளக்கைச் சந்தேகிப்பதே முறை. அதிக வெளிச்சம் தரும் விளக்குதான் அதிகம் கெடுக்கும் என்று பலரும் கருதுகிறார்கள், அது சரியன்று. விளக்கின் ஒளியில் அகச்சிவப்பு (ரிமோட் பயன்படுத்தும், கண்ணுக்குத் தெரியாத ஒளி) எவ்வளவு கலந்திருக்கிறது, அது என்ன வேகத்தில் துடிக்கிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை புலப்படும்.

ரிமோட்டின் முனையிலுள்ள சிறு எல்.இ.டி. பெரும்பாலும் 940 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியை நொடிக்குச் சுமார் 38,000 துடிப்புகளாக, அதாவது 38 கிலோஹெர்ட்ஸில், அனுப்புகிறது. 36, 40, 56 கிலோஹெர்ட்ஸில் இயங்குபவையும் உண்டு. ரிமோட்டின் ஒளியை வாங்கும் டிவியின் உணரி, அந்த வேகத்தில் துடிக்கும் அகச்சிவப்பை மட்டும் வடிகட்டி எடுத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிடும்.

இந்த வடிகட்டலால்தான் குண்டு பல்பு பெரும்பாலும் தப்பித்துக்கொள்கிறது. அது உண்ணும் மின்சாரத்தில் பெரும்பகுதி அகச்சிவப்பாகவே வெளியேறினாலும், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அதன் ஒளி நொடிக்கு 100 முறை மட்டுமே இலேசாக ஏறி இறங்குகிறது. உணரியின் மீது நேராக, மிக அருகிலிருந்து விழுந்தால் மட்டும் ரிமோட் எட்டும் தூரம் குறையும். ஜன்னல் வழியே விழும் வெயிலும் இதையே செய்யும். பழைய சோக் வைத்த டியூப் லைட்டும் அதே 100 துடிப்புதான். அதனால் பெரிய தொல்லையில்லை.

உண்மையான சிக்கல் சி.எஃப்.எல். விளக்கிலும் எலக்ட்ரானிக் சோக் பொருத்திய டியூப் லைட்டிலும்தான் இருக்கிறது. இவற்றின் மின்சுற்று பொதுவாக 20 முதல் 60 கிலோஹெர்ட்ஸ் வரையிலான வேகத்தில் இயங்குகிறது. அந்த வேகமோ அதன் இருமடங்கோ 38 கிலோஹெர்ட்ஸை ஒட்டி விழுந்தால், உணரியால் விளக்கையும் ரிமோட்டையும் பிரித்தறிய முடியாது. விளக்கு குளிர்ந்திருக்கும்போது தொல்லை இன்னும் கூடும். குழாய்க்குள் பாதரச ஆவி போதுமான அளவு எழும்வரை ஆர்கான் வாயுவே அதிகம் ஒளிர்கிறது. ஆர்கானின் வலுவான ஒளிக்கோடுகளில் சில, 912, 965 நானோமீட்டர் என்று ரிமோட்டின் எல்லைக்குள்ளேயே அமைந்திருக்கின்றன. சி.எஃப்.எல். போட்ட முதல் ஓரிரு நிமிடங்களுக்கு ரிமோட் முரண்டுபிடித்து, பிறகு தானாகச் சரியாவதற்கு இதுவே காரணம். தொடர்ந்து இரைச்சல், அதாவது வேண்டாத துடிப்புகள், வந்தால் உணரி தன் உணர்திறனைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போது டிவிக்கு மிக அருகில் சென்று அழுத்தினால்தான் கட்டளை ஏறும்.

எல்.இ.டி. விளக்கு இந்த வகையில் மிகவும் மேலானது. நீல ஒளியையும் அதன் நிறத்தை மாற்றும் பாஸ்பர் பூச்சையும் கொண்டு வெண்ணொளி தரும் இவ்விளக்கில் 940 நானோமீட்டர் பகுதியில் ஏறக்குறைய ஒன்றுமே வெளிவருவதில்லை. ஆயினும் தரங்குறைந்த டிரைவர் (எல்.இ.டி.க்கு மின்சாரத்தை மாற்றித் தரும் சுற்று) பொருத்திய எல்.இ.டி. விளக்குகள், ஒளியின் வழியாக அல்லாமல் மின்கம்பி வழியாகவும் வானொலி அலையாகவும் இரைச்சலைப் பரப்பி உணரியின் மின்சுற்றைக் குழப்புவதுண்டு.

எந்த வழியாகத் தொல்லை வருகிறது என்பதைக் கண்டறிவது எளிது. ரிமோட்டைத் தொடாதபோதே டிவியின் அடியிலுள்ள சிறு விளக்கு சிமிட்டுகிறது என்றால், உணரியின் கண்ணை ஒளி புகாத தடித்த கறுப்பு நாடாவால் முழுவதும் மூடிப் பார்க்க வேண்டும். சிமிட்டல் நின்றால் வருவது ஒளித் தொல்லை. நிற்காவிட்டால் மின் இரைச்சல்.

தீர்வுகளில் விளக்கை மாற்றுவதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். மாற்ற இயலாத இடத்தில், விளக்கின் நேரடி ஒளி உணரியில் படாதவாறு ஒரு மறைப்பு வைத்தாலும் பெருமளவு பயன் கிடைக்கும். ப்ளூடூத் ரிமோட் வாங்குவதும் ஒரு வழிதான். ஆனால் அவற்றில் பலவும் டிவியின் பவர், ஒலியளவு பட்டன்களுக்கு இன்றும் அகச்சிவப்பையே நம்பியிருப்பதால், வாங்கும் முன் அதை விசாரித்துக்கொள்ள வேண்டும்.