நடுவில் விரல் பட்டால்? வெப் அனிமேஷன் புத்தகங்கள் இரண்டு, பல வருடப் பழக்கம்

வலைப்பக்கங்களில் அசைவுகளை உருவாக்க உதவும் ஜிசாப் என்ற ஜாவாஸ்க்ரிப்ட் லைப்ரரி 2025-ல் முழுக்க இலவசமானதிலிருந்து நண்பர்கள் சிலர் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எழுத்துகளைத் தனித்தனியாகப் பிரித்து ஆட்டும் ஸ்ப்ளிட்டெக்ஸ்ட், ஒரு வடிவத்தை இன்னொன்றாக உருமாற்றும் மார்ஃப்எஸ்விஜி என்று முன்பு காசு கட்டினால்தான் கிடைத்தவை எல்லாம் இப்போது எல்லோர் கைக்கும் வந்துவிட்டன. "சிஎஸ்எஸ் ஓரளவு தெரியும், ஜாவாஸ்க்ரிப்ட் எழுதுவேன். அடுத்த கட்டத்துக்கு ஒரு புத்தகம் வாங்கலாமா? நீங்கள் வைத்திருப்பது எப்படி?" என்கிறார்கள். சிஎஸ்எஸ் என்பது வலைப்பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி, ஜாவாஸ்க்ரிப்ட் அதை இயக்கும் மொழி. நான் வைத்திருப்பவை இரண்டு. இரண்டையும் இன்றுவரை புரட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் விரிவாக.

ஒன்று ஆக்‌ஷன்ஸ்க்ரிப்ட் (பிரவுசரில் அசைவுப் படம் ஓட்டிய ஃப்ளாஷ் மென்பொருளின் நிரல்மொழி) காலத்துப் புத்தகம். பின்னட்டையில் சிடி ஒட்டி வந்த வகை. மற்றது ஃப்ளாஷ் ஓரங்கட்டப்பட்ட பிறகு வந்தது. சிஎஸ்எஸ், எஸ்விஜி (கோடுகளாலும் வடிவங்களாலும் ஆன பட வகை), ஜாவாஸ்க்ரிப்ட் மூன்றையும் கட்டிச் சேர்த்துச் சொல்லும் தடிமனான புத்தகம். இரண்டுமே இடைநிலைக்கு என்று தங்களைச் சொல்லிக்கொள்பவை. கீஃபிரேம் (அசைவின் முக்கிய நிலை) என்றால் என்ன, ட்வீன் (ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் நகர்வு) என்றால் என்ன என்று ஆரம்பத்திலிருந்து தொடங்குவதில்லை. எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

முதலில் புதியதைப் பற்றி. அதன் மிகப் பெரிய பலம் நான் எதிர்பார்க்காத இடத்தில் இருந்தது: அசையாத படங்களில். ஒரு பந்து இடமிருந்து வலம் போகும் ஒவ்வொரு கணத்தையும் ஒரே படத்தில் வரிசையாக அச்சடித்திருக்கிறார்கள். புள்ளிகள் நெருங்கி இருக்கும் இடத்தில் பந்து மெதுவாகப் போகிறது, விலகி இருக்கும் இடத்தில் வேகமாகப் போகிறது. அதற்குக் கீழே அதே நகர்வின் க்யூபிக் பெசியர் வளைவு, அதாவது நேரம் போகப் போக எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று காட்டும் கோடு. வீடியோ பாடத்தில் இதை ஆயிரம் முறை பார்க்கலாம், ஆனால் கண் பந்தின் பின்னாலேயே போய்விடும். தாளில் பந்து நின்றுகொண்டிருப்பதால் இடைவெளிகள் தெரிகின்றன. டிஸ்னியின் பழைய அனிமேட்டர்கள் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-ல் தொகுத்துத் தந்த 12 கோட்பாடுகளில் மெல்லத் தொடங்கி மெல்ல நிற்பதும் ஒன்று. அந்தக் கோட்பாட்டுக்கும், சிஎஸ்எஸ்ஸில் நாம் யோசிக்காமல் எழுதும் 'ஈஸ்' என்ற சொல்லுக்கும், அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் 0.25, 0.1, 0.25, 1 என்ற நான்கு எண்களுக்கும் உள்ள உறவு அந்தப் பக்கங்களில்தான் எனக்குப் புரிந்தது. அப்புறம் எந்த ஈஸிங்கையும் (அசைவின் வேகம் கூடிக் குறையும் விதத்தை) எண்ணாகப் பார்த்ததில்லை, இடைவெளியாகத்தான் பார்க்கிறேன்.

பிரவுசர் எப்படி வரைகிறது என்ற அத்தியாயமும் உயர்ந்த தரம். ஒரு பொருளின் இடத்தைக் குறிக்கும் டாப், லெஃப்ட் போன்றவற்றை அசைத்தால் பக்கத்தின் அமைப்பையே திரும்பக் கணக்கிட வேண்டியிருக்கும். டிரான்ஸ்ஃபார்மையும் (நகர்த்தல், சுழற்றல், அளவு மாற்றல்) ஒப்பாசிட்டியையும் (எவ்வளவு மங்கலாகத் தெரிவது) அசைத்தால் பெரும்பாலும் அந்தக் கணக்கு இல்லாமலே கிராஃபிக்ஸ் சிப் வேலையை முடித்துவிடும். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்கு, அதாவது ஒரு காட்சிக்கு, கிடைப்பது 16.7 மில்லிநொடிதான், அதற்குள் எல்லாம் முடிய வேண்டும். இதை இவ்வளவு பொறுமையாக வேறு எங்கும் படித்ததில்லை. எஸ்விஜி கோடு தானே வரைந்துகொண்டு போவதுபோல் காட்டும் உத்தியையும், கோட்டின் நீளத்தை அளந்து, அதே அளவு இடைவெளி வைத்து, அந்த இடைவெளியைத் தள்ளுவது என்று படிப்படியாகக் காட்டியிருக்கிறார்கள்.

வயதான பகுதிகள் உண்டு. அதற்குக் கோபப்பட எனக்கு மனமில்லை. ஜிசாப்பின் பழைய கட்டளைப் பெயரான ட்வீன்மேக்ஸ் என்று தொடங்கும் எடுத்துக்காட்டுகள் எல்லாம் 2019-ல் ஜிசாப் 3 வந்ததும் பழைய வழக்காகிவிட்டன. எஸ்விஜிக்குள்ளேயே எழுதும் ஸ்மில் அனிமேஷன் சீக்கிரம் போய்விடும், தொடாதீர்கள் என்கிறது புத்தகம். குரோம் 2015-ல் அப்படித்தான் அறிவித்தது, பிறகு அந்த முடிவை நிறுத்தி வைத்தது, ஸ்மில் இன்றும் ஓடுகிறது. பக்கம் திறந்ததும் பின்னணி இசை ஒலிக்கும் மல்டிமீடியா பயிற்சி ஒன்று இருக்கிறது. 2018 முதல் குரோம் அதைப் பொதுவாக விடுவதில்லை. பயனர் எதையாவது தொட்ட பிறகுதான் சத்தம். இவை அச்சின் விதி.

சரி, இப்போது என்னை இத்தனை வருடமாக உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தப் புத்தகத்தின் எந்த அனிமேஷனும் நடுவில் நிறுத்தப்படுவதே இல்லை. பட்டனை அழுத்துகிறோம், பட்டியல் திறக்கிறது, திறந்து முடிகிறது. மறுபடி அழுத்துகிறோம், மூடுகிறது, மூடி முடிகிறது. எல்லா எடுத்துக்காட்டும் முதலிலிருந்து கடைசிவரை யாரும் தொடாமல் ஓடும் சினிமாதான். அட்டையில் 'இன்டராக்டிவ்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பயனர் என்றால் யார்? பட்டியல் பாதி திறந்திருக்கும்போதே வேண்டாம் என்று தட்டுகிறவர். படத்தின் மேல் மவுஸைக் கொண்டுபோய், பெரிதாகி முடிப்பதற்குள் எடுத்துவிடுகிறவர். ஸ்க்ரோல் செய்து பாதியில் திரும்பி மேலே வருகிறவர். இவருக்கு என்ன நடக்கும் என்று இத்தனை தடிமனான புத்தகத்தில் ஒரு பக்கம்கூட இல்லை.

இது ஏதோ ஓரத்துச் சிக்கல் இல்லை. இடைநிலை என்பதே இங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். சிஎஸ்எஸ் டிரான்ஸிஷனில் (ஒரு நிலையிலிருந்து மற்றதுக்கு மெல்ல மாற்றும் வழி) எழுதிய பட்டியலைப் பாதியில் திருப்பினால் அது இருக்கும் இடத்திலிருந்தே அழகாகத் திரும்பும். பாதி தூரம்தான் போயிருந்தால் திரும்பும் நேரமும் அதற்கேற்பக் குறையும், அதை விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதே பட்டியலைக் கீஃபிரேம் அனிமேஷனில் எழுதிவிட்டு, பாதியில் அந்த அனிமேஷனைத் தாங்கிய கிளாஸை (தோற்றத்தைப் பொருத்தும் பெயரை) நீக்கினால் சட்டென்று பழைய இடத்துக்குக் குதிக்கும். திரையில் பார்க்க இரண்டும் ஒன்றுபோல் இருக்கும், குறுக்கே கை வைக்கும்வரை. எதை எப்போது எடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் என்ன இருக்கிறது? புத்தகமோ டிரான்ஸிஷன் என்றால் இரண்டு நிலை, கீஃபிரேம் என்றால் பல நிலை என்று இரண்டு வரியில் முடித்துக்கொண்டு அடுத்த பயிற்சிக்குப் போய்விடுகிறது.

ஜிசாப் விஷயத்தில் இன்னும் மோசம். பழைய பதிப்புகளில் ஒரே பொருளின் ஒரே பண்பை இரண்டு ட்வீன்கள் இழுத்தால், பின்னால் வந்தது முன்னதைத் தானாகவே வெட்டிவிடும். அந்த ஏற்பாடு இருந்ததால் புத்தகத்தின் எடுத்துக்காட்டுகள் சொதப்பாமல் ஓடின. ஏன் சொதப்பவில்லை என்று ஒரு வார்த்தை இல்லை. பதிப்பு 3-ல் அந்தத் தானியங்கி வெட்டு இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. வேண்டுமானால் ஓவர்ரைட் என்பதை ஆட்டோ என்று நாமே போட வேண்டும். புத்தகத்து நிரலை ட்வீன்மேக்ஸிலிருந்து புதிய வழக்குக்கு மாற்றி எழுதினால் பிழைச் செய்தி எதுவும் வராது, எல்லாம் சரியாகவே தெரியும். வேகமாக இரண்டு முறை தட்டிப் பாருங்கள், இரண்டு ட்வீன்களும் பட்டியலை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். காரணத்தை ஒரு பத்தியில் சொல்லியிருந்தால் வாசகர் எந்தப் பதிப்பு வந்தாலும் தேறிவிடுவார். ஜேக்வெரி என்ற பழைய ஜாவாஸ்க்ரிப்ட் லைப்ரரியின் காலத்தில் மவுஸை நாலு முறை மேலும் கீழும் கொண்டுபோனால், கையை எடுத்த பிறகும் பட்டியல் நாலு முறை திறந்து மூடிக்கொண்டிருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? அதுவும் இதே நோய்தான். அப்போதிருந்து தெரிந்த நோயைப் பற்றிப் பின்னால் வந்த ஒரு புத்தகம் வாயே திறக்கவில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இப்போது பழைய புத்தகம். ஃப்ளாஷ் பிளேயரின் ஆயுள் 2020 டிசம்பர் 31-ல் முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் உள்ளடக்கத்தை ஓட்டுவதையே அது நிறுத்திவிட்டது. சிடியில் உள்ள கோப்புகளில் சிலவற்றை பழைய ஃப்ளாஷைப் போலவே நடந்துகொள்ளும் ரஃபிள் எமுலேட்டரில் திறந்து பார்க்கலாம், அவ்வளவுதான். அந்தக் கணக்கில் இது செத்த புத்தகம். ஆனால் அதில் ஒரு வரி நிரல் இருக்கிறது. ஒவ்வொரு ஃபிரேமிலும், போக வேண்டிய இடத்துக்கும் இருக்கும் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எடு, அதில் ஐந்தில் ஒரு பங்கை இருக்கும் இடத்தோடு கூட்டு. அவ்வளவே. தொடக்கத்தில் வேகம், நெருங்க நெருங்க நிதானம்.

இந்த வரியின் பெருமை எனக்குப் புதிய புத்தகத்தோடு மல்லுக்கட்டிய பிறகுதான் தெரிந்தது. இதற்குத் தொடக்கம் என்று ஒன்று கிடையாது, மொத்த நேரம் என்றும் ஒன்று கிடையாது. இப்போது எங்கே இருக்கிறேன், எங்கே போக வேண்டும், இரண்டே கேள்விதான். நடுவழியில் இலக்கை மாற்றினால் அது தடுமாறாது, குதிக்காது, புதிய இலக்கை நோக்கித் திரும்பிவிடும். குறுக்கீட்டைச் சமாளிக்கத் தனியாக எதுவும் எழுத வேண்டியதில்லை, அது அந்த வரியின் இயல்பிலேயே இருக்கிறது. மவுஸைத் துரத்தும் மீன், விரலோடு வரும் திரை, இழுத்துவிட்டால் ஒதுங்கும் படம் என்று அந்தப் புத்தகத்தின் பாதிப் பயிற்சிகள் இதன் மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன. பயனர் எப்போது வேண்டுமானாலும் கை வைப்பார் என்று நம்பி எழுதிய ஆசிரியர் அவர். 2018-ல் ஆப்பிளின் டெவலப்பர் மாநாட்டில் ஐபோன் சைகைகளைப் பற்றிப் பேசியவர்கள், எந்த அசைவையும் எந்த நொடியிலும் குறுக்கிட முடிய வேண்டும் என்று வலியுறுத்தியதைப் பார்த்தபோது எனக்கு அந்தப் புத்தகம்தான் நினைவுக்கு வந்தது.

குறை இல்லாமல் இல்லை. அந்த வரி ஃபிரேம்களை எண்ணுகிறதே தவிர நேரத்தைப் பார்ப்பதில்லை. ஐந்தில் ஒரு பங்கு என்றால் 10 ஃபிரேமுக்குப் பிறகு ஏறத்தாழ 11 சதவீத தூரம் மிச்சம் இருக்கும். நொடிக்கு 30 ஃபிரேம் ஓடிய ஃப்ளாஷ் படத்தில் அது ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு. திரை புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் நம் நிரலை பிரவுசர் அழைக்கும் ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃபிரேமில் அப்படியே போட்டால் 60 ஹெர்ட்ஸ் திரையில் ஆறில் ஒரு பங்கு, 120 ஹெர்ட்ஸ் திரையில் பன்னிரண்டில் ஒரு பங்கு. புதிய போனில் மீன் வெறிபிடித்து ஓடும். இதற்கு மருந்து எளிது: கடந்த ஃபிரேமிலிருந்து எத்தனை நொடி ஆயிற்று என்று பார்த்து, 60 ஹெர்ட்ஸ் திரையின் வேகமே வேண்டுமென்றால் அதை 60-ஆல் பெருக்கி, ஐந்தில் ஒரு பங்கு போக மிஞ்சும் 0.8-ஐ அந்த எண்ணுக்கு அடுக்காக உயர்த்துங்கள். மிச்சம் இருக்க வேண்டிய தூரத்தின் பங்கு அதுதான். எந்தத் திரையிலும் ஒரே வேகம்.

இரண்டு புத்தகங்களுமே அசைவு ஒத்துக்கொள்ளாதவர்களை மறந்துவிட்டன என்பதையும் சொல்ல வேண்டும். பழையதை விட்டுவிடலாம். அசைவைக் குறைக்கச் சொல்லும் அமைப்பை சஃபாரி 2017-லேயே பிரவுசருக்குள் கொண்டுவந்தது; தலைசுற்றல் உள்ளவருக்குப் பெரிய ஸ்க்ரோல் விளைவு எவ்வளவு வேதனை என்பது அதற்கு முன்பே பேசப்பட்ட விஷயம். புதிய புத்தகத்தில் இதற்கு ஒரு பெட்டிச் செய்தியாவது போட்டிருக்கலாம்.

தீர்ப்பு கேட்கிறார்கள். நியாயமாகக் கூட்டிக் கழித்தால் புதிய புத்தகம்தான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. ஈஸிங், எஸ்விஜி, பிரவுசரின் வரைபணி எல்லாமே அதிலிருந்து வந்தவை. அந்தப் பந்துப் படங்களுக்கு ஈடாக இதுவரை எதையும் நான் பார்க்கவில்லை. ஆனாலும் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். போன வாரமும் வேறொருவர் இதே புத்தகத்தைப் பார்த்து எழுதிய பட்டியல் ஒன்றைத் திருத்தி எழுத வேண்டி வந்தது. மெதுவாகத் தட்டினால் அற்புதம், வேகமாகத் தட்டினால் பாதி திறந்தபடி உறைந்து நின்றது. அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை, புத்தகம் சொன்னபடி வரிக்கு வரி செய்திருக்கிறார். அந்த எரிச்சல் இன்னும் எனக்குப் போகவில்லை. யாரிடமாவது இருந்தால் வாங்கி, ஈஸிங் அத்தியாயத்தையும் பிரவுசர் அத்தியாயத்தையும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள், போதும். பழைய ஃப்ளாஷ் புத்தகம் எங்காவது பழைய புத்தகக் குவியலில் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். மொழி மாறிவிட்டது என்று தயங்க வேண்டாம், ஆக்‌ஷன்ஸ்க்ரிப்டும் ஜாவாஸ்க்ரிப்டும் எக்மாஸ்க்ரிப்ட் என்ற ஒரே மொழித்தரத்தின் குடும்பம், படித்தால் புரிந்துவிடும்.

எதை வாங்கினாலும் முதலில் பயிற்சிகளில் ஒன்றை எடுத்து ஓடவிட்டு, அது பாதி போகும்போது தட்டுங்கள். உடனே இன்னொரு முறை தட்டுங்கள். டேபை மாற்றிவிட்டுத் திரும்பி வாருங்கள், ஏனென்றால் மறைந்திருக்கும் டேபில் ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃபிரேம் ஓடாது. திரும்பியதும் இடைப்பட்ட நேரம் முழுவதும் ஒரே ஃபிரேமில் வந்து விழும். அந்தப் பெரிய எண்ணை அப்படியே விடாமல் நிரலில் ஓர் உச்ச வரம்பு வைத்துவிடுங்கள், 50 மில்லிநொடி என்று வைத்தால் பெரும்பாலும் தாங்கும்.