எங்கள் பகுதி மிட்வைப் மிஸ்: ஐந்துக்கு நாலரை

கனடாவில் இருக்கிற மச்சாள் பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது மூன்று மிட்வைப்மாரோடு (மருத்துவிச்சிமாரோடு) கதைத்துப் பார்த்து, மனதுக்குப் பிடித்த ஒருவரைத் தெரிவு செய்தாளாம். ஒன்ராறியோவில் 1994 இலிருந்து அதற்கு அரசாங்கமே காசு கொடுக்கிறது, விரும்பினால் வீட்டிலேயே பெறலாம். அதைக் கேட்டுவிட்டு நானும் யாழ்ப்பாணத்தில் இயற்கைப் பிரசவத்துக்கு நல்ல மிட்வைப் ஆர் என்று தேடத் தொடங்கினேன். இரண்டு நாள் தேடின பிறகுதான் விளங்கியது, இங்கே நாங்கள் அவரைத் தெரிவு செய்வதில்லை. சுமார் 3000 பேருக்கு ஒரு குடும்பநல உத்தியோகத்தர் (நாங்கள் மிட்வைப் மிஸ் என்கிறவர்) என்று சுகாதாரப் பணிமனை பிரித்து வைத்திருக்கிறது, உங்கள் ஒழுங்கைக்கு யார் வருகிறாரோ அவர்தான். அவர் வயிற்றைப் பார்ப்பார், பிறகு குழந்தையைப் பார்ப்பார், ஆனால் பிள்ளை பிறக்கிற நேரம் ஆஸ்பத்திரியில் அன்றைக்கு யார் கடமையோ அவர் கையில்தான். அம்மம்மா காலத்து மருத்துவிச்சி வீட்டுக்கு வந்து பெறுவித்த கதையெல்லாம் முடிந்துபோனது.

சரி, எங்களுக்கு வந்த மிஸ் எப்படி? முதல் தடவை ஸ்கூட்டியில் வந்து இறங்கியபோது முகத்தில் சிரிப்பே இல்லை, கொஞ்சம் பயந்துதான் போனேன். கர்ப்பவதிப் பதிவேட்டில் ஒன்றை என்னிடம் தந்து ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு, இரத்தவகையிலிருந்து மாமியாருக்குச் சீனி வருத்தம் இருக்கா என்பது வரை கேட்டு எழுதினார். ஏழாம் மாதம் வந்தபோதுதான் ஆளை விளங்கியது. கைப்பையிலிருந்து சின்னப் புனல் போல ஒரு அலுமினியக் குழலை எடுத்தார். "ஒருக்கால் காத்தாடியை நிப்பாட்டுங்கோ, ஒருத்தரும் கதையாதேங்கோ" என்றார். குழலை என் வயிற்றில் ஊன்றி, காதை வைத்து, மணிக்கூட்டைப் பார்த்தபடி ஒரு நிமிடம் அசையாமல் இருந்தார். குசினியில் குழாய் சொட்டுவது கூடக் கேட்டது. பிறகு "142, நல்லா ஓடுது" என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்ற என் கணவரைக் கூப்பிட்டு அதே இடத்தில் காதை வைக்கச் சொன்னார். 110 இலிருந்து 160 வரை இருந்தால் பயமில்லையாம். இவர் இரண்டு நாளாக அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இதற்கிடையில் ஒரு தனியார் இடத்திலும் காட்டினேன், பெயர் வேண்டாம். அறை வடிவு, குளிரூட்டி, கதிரை எல்லாம் வடிவு. ஆனால் நான் வாயைத் திறக்கும் முன்னமே "ஏன் பிரசவக் குத்தோடு கஷ்டப்படுவான், நல்ல நாள் பார்த்துக்கொண்டு வாங்கோ, சீசர் செய்யலாம்" என்றார்கள். எங்கள் ஊரில் சாத்திரியாரும் சத்திரசிகிச்சைக் கூடமும் இவ்வளவு ஒற்றுமையாக வேலை செய்வது எனக்குத் தெரியாது!

மிஸ்ஸிடம் வந்து சொன்னேன். திட்டவும் இல்லை, புகழவும் இல்லை. "ஆஸ்பத்திரியில் கேள், பிள்ளை. குத்து வந்தால் நடக்க விடுவினமோ, கூட ஆரை விடுவினம், வெட்டித் தைக்கிறது எல்லாருக்குமோ தேவையெண்டால் மட்டுமோ, பிறந்த உடனே பிள்ளையை நெஞ்சில் போடுவினமோ" என்றார். உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டியும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. நடக்கலாம், விருப்பமான ஒருவர் கூட இருக்கலாம், எல்லோருக்கும் வழக்கமாகப் பிறப்பு வாசலை வெட்டத் தேவையில்லை, கருப்பை வாய் மணிக்கு ஒரு சென்ரிமீற்றர் விரியவில்லை என்பதற்காக மட்டும் அவசரப்படுத்தக் கூடாது. இதையெல்லாம் ஆங்கிலத்தில் வாசித்துத் தலை வெடித்தவள் நான், அவர் முற்றத்தில் நின்றபடி மூன்று நிமிடத்தில் சொல்லி முடித்தார்.

அதற்காக மிஸ் என்ன வந்தாலும் இயற்கையாகத்தான் என்று நிற்கிற ஆளும் இல்லை. என் சின்ன மச்சாளுக்குப் வயிற்றில் பிள்ளை தலை மேலே, கால் கீழே என்று கால்மாறி இருந்தபோது, "சும்மா பிடிவாதம் பிடியாதை, பெரிய டொக்டர் சொல்லுறதைக் கேள்" என்று வெருட்டி அனுப்பியவரும் மிஸ்தான். இந்தக் குணத்துக்காகவே அவரை நம்பலாம்.

நான் கடைசியில் போனது அரச ஆஸ்பத்திரிக்கு. அம்மாவை உள்ளே விட்டார்கள், இவரை விடவில்லை, ஒரே கூடத்தில் வேறு பெண்களும் இருந்ததால் குறை சொல்ல மனம் வரவில்லை. விடிய விடிய விறாந்தையில் நடந்தேன். கடமையில் இருந்த மிட்வைப் இளம்பிள்ளை, இடப்பக்கம் சரிந்து படுக்க விட்டார். சின்னதாக ஒரு தையல் போட்டார்கள். மகள் நெஞ்சில் கிடந்தாள்.

இனிக் குறைகள். கிளினிக் நாள் மகா கரைச்சல், சாய்வில்லாத வாங்கில் இரண்டரை மணித்தியாலம், நிறை பார்க்க ஒரு வரிசை, பிரஷருக்கு இன்னொரு வரிசை. பக்கத்துப் பிரிவில் ஆள் இல்லாததால் எங்கள் மிஸ்தான் அதையும் பார்க்கிறார், போன் எடுத்தால் மூன்றாம் தரம்தான் கிடைப்பார். அந்த அரைப் புள்ளி வாங்குக்காகக் குறைத்தது, அவருக்காக இல்லை.

பிள்ளை பிறந்து முதல் 10 நாளுக்குள் இரண்டு தடவை வந்தார். தையலைப் பார்த்தார், பால் குடிக்கிற வாயைப் பார்த்தார், பிறகு அம்மம்மாவோடு சண்டை. சரக்கரைத்த கறி நல்லது, வேது பிடிக்கிறதும் பரவாயில்லை, ஆனால் தாய்க்குத் தண்ணீர் மறிக்கக் கூடாது, பிள்ளைக்குச் சீனித் தண்ணீர் ஒரு கரண்டியும் கூடாது, ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். அம்மம்மா "நான் ஏழு பெத்தனான்" என்றார். மிஸ் "ஓம் அம்மா, அதுதான் உங்களிட்டைச் சொல்லுறன், நீங்கள் சொன்னால்தான் இவள் கேப்பாள்" என்றார். அன்று பின்னேரம் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கட்டிலடியில் வைத்தது அம்மம்மாதான்.