ஒரே டாக்டர், ஒரே சாமான், இரண்டு முழங்கால்

வலது முழங்கால் மூட்டை மாற்றி ஐந்து வருஷம் தாண்டிவிட்டது, இடதுக்கு மூன்று வருஷம். இரண்டையும் செய்தது ஒரே டாக்டர். உள்ளே வைத்த செயற்கை மூட்டும் ஒரே கம்பெனி சாமான். இடது முழங்கால் 120 டிகிரி மடங்குகிறது. வலது 90-ஐத் தொடுவதற்குள் முரண்டு பிடிக்கிறது. ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எந்தக் கம்பெனி மூட்டு வச்சீங்க அக்கா?" என்றுதான்.

மதுரை வில்லாபுரத்தில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். முப்பது வருஷம் கால் மெஷின். தேய்மானம் என்று தெரிந்த பிறகு தைலம், மூட்டு உறை, மூட்டுக்குள் ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. வலி மாத்திரையை வாங்கி வாங்கிப் போட்டதில், கிட்னிக்கு ஆகாது என்று டாக்டர் சத்தம் போட்டார். கடைசியில் ராத்திரி புரண்டு படுத்தாலே வலி எழுப்பிவிடும். அப்போதுதான் சம்மதித்தேன்.

முதலில் போன ஓர் ஆஸ்பத்திரியில் 'தங்க மூட்டு' வைத்தால் ஆயுசுக்கும் கவலையில்லை என்று சொல்லி ஐந்து லட்சத்துக்குக் கிட்டக் கணக்குப் போட்டார்கள். அதில் தங்கமும் இல்லை, பித்தளையும் இல்லை. டைட்டானியம் கலந்த ஒரு பூச்சு, நிறம் அப்படி. எழுந்து வந்துவிட்டேன். சாமானின் விலைக்கு 2017 ஆகஸ்டிலேயே மத்திய அரசு உச்சவரம்பு வைத்துவிட்டது. வழக்கமான கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு அன்று நிர்ணயித்தது 54,720 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ரூம், தியேட்டர், டாக்டர் பீஸ் எல்லாம் அதற்கு மேல். அதனால் பில்லில் சாமான் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் அதன் ஸ்டிக்கரை ஒட்டித் தருவார்கள், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

முழங்காலையே கழற்றிவிட்டு வேறு வைப்பார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. தொடை எலும்பின் நுனியையும் கீழ்க்கால் எலும்பின் தலையையும் கொஞ்சம் சீவி, உலோகத் தொப்பி மாட்டி, நடுவில் பிளாஸ்டிக் தட்டு வைக்கிறார்கள். தையல்காரி கணக்கில் சொன்னால், சுற்றியிருக்கும் சதையும் தசைநாருமான துணி பழையதுதான், நைந்துபோன லைனிங்கை மட்டும் மாற்றுகிறார்கள். ஆனால் அந்தத் துணி சுருங்கிவிட்டால் புது லைனிங் என்ன செய்யும்?

வலது காலில் நடந்தது அதுதான். 2020 மார்ச் 9-ஆம் தேதி ஆபரேஷன். மறுநாளே வாக்கரைப் பிடித்து நடக்க வைத்தார்கள். அப்புறம் வீட்டுக்கு ஒரு பிசியோதெரபி தம்பி வந்துகொண்டிருந்தார். 23-ஆம் தேதி காயத்தில் போட்ட கிளிப்பை எடுத்தார்கள், 24-ஆம் தேதி மாலை ஊரடங்கு. தமிழ்நாட்டில் முதல் கொரோனா சாவே மதுரையில்தான் நடந்தது. யார் வீட்டுக்குள் யார் வருவார்கள்? தம்பி போனில் சொல்லிக் கொடுத்தார். வலித்தால் நானே நிறுத்திக்கொள்வேன். போனில் யார் அதட்டுவது? மகள் பாசத்தில் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்தாள். அடடா, அவ்வளவு சுகம்! ராத்திரி பகலாக அந்தத் தலையணை அங்கேயே இருந்தது. மீனாட்சி கல்யாணத்தையும் அந்த வருஷம் அப்படியே படுத்தபடி செல்போனில்தான் பார்த்தேன்.

ஊரடங்கு தளர்ந்து டாக்டரிடம் போனபோது ஜூலை. கால் முழுசாக நீளவும் இல்லை, மடங்கவும் இல்லை. மயக்க மருந்து கொடுத்து மடக்கிவிடுகிற வைத்தியம் உண்டாம், ஆனால் அதை முதல் மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் பலன் என்றார். எனக்கு அது கடந்துவிட்டது. தலையணையைப் பற்றிக் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டார். முழங்காலுக்கு அடியில் எதையும் வைக்கவே கூடாதாம், கால் நீளாமல் அப்படியே இறுகிவிடுமாம். வைப்பதானால் குதிகாலுக்கு அடியில்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த வலது காலிலும் பழைய வலி கிடையாது. மடங்காத கால் வேறு, வலிக்கிற கால் வேறு. அந்தத் தைரியத்தில்தான் 2022 ஜூனில் இடதையும் மாற்றினேன்.

இந்தத் தடவை ஒரு மாதம் முன்பிருந்தே தொடைச் சதைக்குப் பயிற்சி. சர்க்கரையை இறக்கின பிறகுதான் தேதியே கொடுத்தார்கள். ஆபரேஷன் முடிந்ததும் அதே தம்பி, ஆறு வாரம் தினமும். நாற்காலியில் உட்கார்ந்து குதிகாலைத் தரையோடு பின்னால் இழுக்க வேண்டும். இழுக்கும்போது தையல் பிரிவதுபோல் இருக்கும், பிரியாது. அப்புறம் குதிகாலுக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து முழங்காலைக் கட்டிலோடு அழுத்த வேண்டும். கோணம் பார்க்கிற பிளாஸ்டிக் ஸ்கேல் வைத்து அளந்து சுவர்க் காலண்டரில் டிகிரியை எழுதிவிட்டுப் போவார். 70, 74, 74, 81. அந்த இரண்டாவது 74 அன்று அழுதேன். "அம்மா, அழுதுக்கிட்டே இழுங்க" என்றார். வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரைமணி முன்னால் போடச் சொன்னதும் அவர்தான். முதல் தடவை அது எனக்குத் தெரியாமல் போயிற்று. ஆறாவது வாரம் 108, வருஷம் முடிவதற்குள் 120.

இப்போது தினப்படி. மெஷினுக்கு மோட்டார் போட்டாயிற்று, பெடலை இடது காலால் மிதிக்கிறேன். வலது காலை மேஜைக்கு அடியில் மடக்க முடியாததால் பக்கவாட்டில் நீட்டி வைத்திருப்பேன். வருகிற பிள்ளைகள் தாண்டிப் போகும். தரையில் உட்காருவதில்லை. கோலத்தை மருமகளிடம் ஒப்படைத்துவிட்டேன், அவள் போடும் சிக்குக்கோலம் சகிக்காது, சரி. வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாத வீட்டு விசேஷத்துக்குப் போனால் தலையைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவேன். படி ஏற நல்ல கால் முதலில், இறங்க மற்ற கால் முதலில். தழும்புக்கு வெளிப்பக்கம் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது, கொசு கடித்தாலும் தெரியாது. சில நேரம் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம், உலோகமும் பிளாஸ்டிக்கும் தட்டுவதுதானாம். பல் பிடுங்கப் போனால் மூட்டு மாற்றியதை முதலில் சொல்லிவிடுகிறேன், கிருமி ரத்தத்தோடு மூட்டுக்குப் போகக்கூடும் என்பதால். மீனாட்சி கோயிலில் கிழக்குக் கோபுர வாசல் மெட்டல் டிடெக்டர் என்னைக் கண்டால் கத்தும். "கால்ல கம்பியாக்கா?" என்று கேட்டு அந்தப் பெண் போலீஸ் விட்டுவிடும்.

எதிர் வீட்டு அக்காவுக்குப் போன வாரம் ஆபரேஷன். பார்க்கப் போனேன். சாமான் அமெரிக்காவாம், பேத்தி போனில் படம் காட்டினாள். அக்காவின் முழங்காலுக்கு அடியில் பூப்போட்ட தலையணை ஒன்று இருந்தது. பேசிக்கொண்டே அதை உருவி என் மடியில் வைத்துக்கொண்டேன். "ஏண்டி, நல்லாத்தானே இருந்துச்சு" என்றார் அக்கா. வரும்போது அதை வீட்டுக்கே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.