எண்டோபேக்: லேப்ராஸ்கோப்பியில் உறுப்பை வெளியே எடுக்கும் பை பற்றிய மதிப்புரை

வயிற்றில் சிறு துளைகளிட்டு அறுவை செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் வெட்டியெடுத்த உறுப்பை வயிற்றுச் சுவரில் படாமல் வெளியே கொண்டுவர உதவும் எண்டோபேக்கை, அறுவை சிகிச்சை அரங்கில் தொடர்ந்து பயன்படுத்திவருபவன் என்ற முறையில் இங்கே மதிப்பிடுகிறேன்.

10 மில்லிமீட்டர் குழாய்க்குள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும் பை, கைப்பிடியைத் தள்ளியதும் உலோக வளையத்தின் விசையால் வாய் விரிந்து நிற்கிறது. உறுப்பை உள்ளே போட்டு நூலை இழுத்தால் வாய் சுருங்கிவிடும். வளையமில்லாத எளிய பைகளும் உண்டு. ஆனால் அவற்றின் வாயை இடுக்கியால் பிடித்துத் திறந்துவைப்பதற்கே ஒரு கை போய்விடுவதால், வழுக்கும் பித்தப்பையைத் துரத்திப் பிடிக்கும் வேலை மிஞ்சுகிறது. வளையமுள்ள வகையே என் தேர்வு.

இந்தப் பைக்கு இவ்வளவு முக்கியத்துவம் வந்ததற்குக் காரணம், பெருங்குடல் புற்றுநோய்க்கு லேப்ராஸ்கோப்பி செய்த சிலருக்குத் துளையிட்ட இடத்திலேயே கட்டி முளைத்ததாக 1990களில் வெளிவந்த அறிக்கைகள்தான். 872 நோயாளிகளைச் சேர்த்து நடத்தப்பட்டு 2004இல் முடிவு வெளியான அமெரிக்க ஆய்வில், காயத்தில் நோய் திரும்பியவர்கள் லேப்ராஸ்கோப்பி, திறந்த அறுவை ஆகிய இரு பிரிவிலுமே ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று தெரிந்த பிறகே அந்த அச்சம் தணிந்தது.

ஆனால் பை காப்பது கடைசிச் சில நிமிடங்களை மட்டுமே. பித்தப்பையைக் கல்லீரலிலிருந்து பிரிக்கும்போதே அது கிழிந்து பித்தநீர் சிந்திவிட்டால், நோயியல் பரிசோதனையில் எதிர்பாராமல் புற்றுநோய் தெரியவரும் நோயாளிக்கு, பிறகு எவ்வளவு நல்ல பையைப் போட்டாலும் சிந்தியது சிந்தியதுதான். கருப்பை வாய்ப் புற்றுநோயில் 631 பெண்களிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வு இன்னும் கடுமையான பாடம்: நாலரை ஆண்டுகளில் நோயின்றி இருந்தவர்கள் திறந்த அறுவையில் 96.5 சதவீதம், நுண்துளை முறையில் 86 சதவீதம். கருப்பையை அசைக்க உள்ளே செலுத்தும் கருவியும், வாயு நிரம்பிய வயிற்றுக்குள்ளேயே யோனிப் பகுதியை வெட்டித் திறப்பதும் காரணமாக இருக்கலாம் என்று ஐயப்படுகிறார்கள். இரண்டுமே பைக்குள் உறுப்பு வருவதற்கு முந்தைய கட்டங்கள்.

கருப்பை நார்க்கட்டியை உள்ளே வைத்துத் துண்டாக்கி எடுப்பதற்கான பெரிய பைகளை வாங்குவோர் எச்சரிக்கைக் குறிப்பைக் கட்டாயம் படிக்க வேண்டும். நார்க்கட்டி அறுவைக்கு வரும் பெண்களில் ஏறத்தாழ 350 பேரில் ஒருவருக்குக் கண்டறியப்படாத சார்கோமா என்ற கருப்பைப் புற்றுநோய் இருக்கலாம் என்று 2014இல் எச்சரித்த அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், 2016இல் இத்தகைய முதல் பையை அனுமதித்தபோதும், அது புற்றுநோய் பரவும் அபாயத்தைக் குறைக்கும் என நிரூபிக்கப்படவில்லை என்பதைத் தெரிவிக்கும்படி தயாரிப்பாளருக்கு நிபந்தனை விதித்தது. விற்பனைப் பிரதிநிதிகள் இதைத் தாமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

குறை ஒன்று உண்டு. கல் நிறைந்த பித்தப்பையைச் சிறு துளை வழியே பலங்கொண்டு இழுத்தால் பையின் ஒட்டுப் பகுதி பிரிந்து, உள்ளிருக்கும் நீர் காயத்திலேயே கசிகிறது. மெல்லிய பிளாஸ்டிக் பைகளில் இது அதிகம். பையின் வாயைத் தோலுக்கு வெளியே விரித்து, பித்தநீரை உறிஞ்சியெடுத்துவிட்டு, அப்போதும் வராவிட்டால் துளையைச் சற்று அகலப்படுத்துவதே சரி.