மெர்க்குரி விண்கல மாதிரி: குறிப்புத்தாளை நம்பாதீர்கள்

அமெரிக்கா மனிதரை விண்வெளிக்கு அனுப்பிய முதல் கலமான மெர்க்குரியின் ஒட்டு மாதிரி இது. டர்பனில் ஒரு பொம்மைக் கடையில் பேரனுக்காக 340 ராண்டுக்கு வாங்கினேன். சாட்ஸ்வொர்த் வீட்டு மேசையில் இரண்டு மாலைகளில் ஒட்டி முடித்தோம். பாகங்கள் கச்சிதம், தாராளமாக வாங்கலாம். ஆனால் குறிப்புத்தாள், விண்வெளி வீரர் ஆலன் ஷெப்பர்ட் இதில் பூமியைச் சுற்றினார் என்கிறது! 1961 மே 5 அன்று அவர் பறந்தது வெறும் 15 நிமிடம். மேலே ஏறி அட்லாண்டிக்கில் இறங்கினார், அவ்வளவே. மூன்று முறை சுற்றியவர் ஜான் கிளென், 1962 பிப்ரவரி 20 அன்று.

கதவு தனியாகக் கழன்று வருவது அருமை. 1961 ஜூலையில் கடலில் இறங்கிய இன்னொரு வீரர் கிரிஸ்ஸமின் மெர்க்குரி கலத்தில் கதவு வெடித்துத் திறந்துகொண்டது, கலம் மூழ்கியது என்றேன். உடனே பேரன் இதையும் வாளித் தண்ணீரில் மூழ்கடித்தான். கிரிஸ்ஸமின் கலத்தை 1999இல்தான் மீட்டார்கள். இவன் ஐந்து நிமிடத்தில் மீட்டுவிட்டான். பசை விடவில்லை.