ஒரு சென்டிமீட்டர் வாட்டம்: நானே மாட்டிய ஏசியோடு மூன்று கோடை

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "நீங்களே ஏசி மாட்டினீங்களே, எப்படி இருக்கு? நானும் அந்த மாதிரி செட் வாங்கலாமா?" அவர் கேட்ட நேரம் சரியில்லை. முந்தின நாள்தான் ஏணியில் நின்று, உளியும் சுத்தியலுமாகச் சுவரைக் கொத்திவிட்டு இறங்கியிருந்தேன். வலது தோளைத் தூக்க முடியவில்லை. வாயால் சொன்ன பதில் கொஞ்சம் காரமாகவே போய்விட்டது. அதனால் நியாயமாக ஒரு முறை எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நியாயம் எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கிறது பார்ப்போம்.

என்னிடம் இருப்பது 1 டன் இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட், குளிரூட்டும் கேஸ் முன்பே அடைத்து வரும் வகை. வழக்கமான ஸ்ப்ளிட்டில் மெக்கானிக் வந்து காப்பர் பைப்பை அளவுக்கு வெட்டி, முனையை விரித்து ஃப்ளேர் போட்டு, நட்டை முறுக்கி, பிறகு வேக்யூம் பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேண்டும். 500 மைக்ரான் வரை இறக்க வேண்டும் என்பது கணக்கு; இங்கே மைக்ரான் என்பது அழுத்தத்தின் அளவு. வெளியே நம்மைச் சுற்றி இருக்கும் காற்றழுத்தம் 7,60,000 மைக்ரான் என்று வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு வெறுமை என்பது புரியும். அதைச் சரியாகச் செய்யாவிட்டால் உள்ளே நின்ற ஈரம் கம்ப்ரஸர் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி, மெதுவாக இயந்திரத்தைத் தின்றுவிடும். பல நாடுகளில் இந்த கேஸ் வேலைக்கு உரிமமே வேண்டும்.

நான் வாங்கிய செட்டில் இந்த வேலை எதுவும் இல்லை. பைப்பின் இரண்டு முனையிலும், யூனிட்டோடு இணைப்பதற்கு, மூடிய கப்ளிங். ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு இன்னொரு ஸ்பேனரால் முறுக்க வேண்டும். ஒற்றை ஸ்பேனரால் முறுக்கினால் காப்பர் பைப்பும் சேர்ந்து திருகிக்கொள்ளும். முறுக்கும்போது 'ஸ்ஸ்' என்று ஒரு நொடி சத்தம், அப்புறம் அமைதி. சோப்புத் தண்ணீர் தடவி நுரை வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. ஆலன் கீயால் வால்வைத் திறந்தேன், ரிமோட்டை அழுத்தினேன், ஐந்தே நிமிடத்தில் கையை நீட்டினால் ரோமம் சிலிர்க்கும் அளவுக்குக் குளிர்ந்த காற்று. அந்த நாள் நான் வீட்டுக்குள் நடந்த நடையே வேறு. மனைவி மட்டும், "எதுக்கும் ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டிடலாமே" என்றாள். நான் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பை விட்டுவிடுவோம். ஆனால் கேஸ் விஷயத்தில் நான் சிரித்தது தப்பில்லை. மூன்று கோடை முடிந்துவிட்டது, குளிர்ச்சி ஒரு துளி குறையவில்லை. பயந்து பயந்து செய்த வேலை அது ஒன்றுதான், அதில் ஒரு குறையும் இல்லை. மின்சார வேலையை நான் தொடவில்லை. போர்டிலிருந்து தனி லைன், அதற்கென்று ஒரு எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் தானாக அணையும் ஸ்விட்ச்), எர்த் எல்லாம் எலக்ட்ரீஷியன் செய்து கொடுத்தார். அதிலும் குறையில்லை. இரவில் கம்ப்ரஸர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும்போது ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் கண்டுபிடிக்க வேண்டும். பழைய ஜன்னல் ஏசியின் அருகில் படுத்து வளர்ந்த காதுகளுக்கு இது பெரிய வரம்.

ஒரு சின்ன முணுமுணுப்பு. பைப்பின் நீளம் கம்பெனி கொடுத்ததுதான். எனக்குத் தேவைப்பட்டது அதில் பாதி. உள்ளே கேஸ் இருப்பதால் வெட்டவும் முடியாது. மிச்சத்தை அவுட்டோர் யூனிட்டுக்குப் பின்னால் படுக்கைவாட்டில் சுருட்டி வைத்திருக்கிறேன், மலைப்பாம்பு ஒன்று வெயில் காய்வது போலக் கிடக்கிறது. பழகிவிட்டது.

பழகாதது தண்ணீர்.

ஏசி என்றால் குளிர்விக்கும் பெட்டி என்று நினைக்கிறோம். உண்மையில் அது பாதி நேரம் தண்ணீர் எடுக்கும் இயந்திரம். வில்லிஸ் கேரியர் 1902இல் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக முதன்முதலில் இதை வடிவமைத்ததே ஆட்களுக்குக் குளிரட்டும் என்று இல்லை. ஈரக்காற்றில் காகிதம் உப்பி, ஒரு வண்ணத்தின் மேல் இன்னொரு வண்ணம் சரியாக உட்காராமல் விலகிப் போனது. அந்த ஈரத்தை அடக்கத்தான். என்னுடைய 1 டன் மெஷின் சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. புழுக்கமான நாளில் அதில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைத் தண்ணீராக்கவே போனாலும் மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வரும். இரவு முழுக்க ஓடினால் ஒரு பக்கெட். இந்த ஒரு பக்கெட் தண்ணீரும் விரல் தடிமன் உள்ள ஒரு நெளி பிளாஸ்டிக் குழாய் (டிரெய்ன் குழாய்) வழியாக, பம்ப் எதுவும் இல்லாமல், தானாக இறங்கி வெளியே போக வேண்டும். அதற்கு வேண்டியது வாட்டம். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு இருந்தால் போதும்.

பைப்பும் இந்தக் குழாயும் வெளியே போகச் சுவரில் போடும் துளையைப் பற்றிக் கையேட்டில் ஒரே ஒரு வரிதான்: வெளிப்பக்கம் 5 முதல் 10 மில்லிமீட்டர் தாழ்வாக இருக்கட்டும். கேஸ் கப்ளிங்குக்கு ஆறு படம் போட்டவர்கள் இதற்கு ஒரு படம் கூடப் போடவில்லை. நானும் படித்தேன், தலையாட்டினேன், ஏணியில் ஏறினேன். சுவரை வட்டமாக அறுத்தெடுக்கும் கோர் கட்டர் மாட்டிய டிரில் கனமானது. ஏணி மேல் நின்று தலைக்கு மேல் அதைப் பிடித்தால், மெஷினின் பின்பக்கம் கனத்தில் தாழும், முனை மேலே தூக்கும். கை வலிக்க வலிக்க இன்னும் தாழும். 23 சென்டிமீட்டர் சுவர் முடிந்து வெளிச்சம் தெரிந்தபோது எனக்கு ஒரே சந்தோஷம். இன்டோர் யூனிட்டின் பிளேட்டுக்கு மூன்று முறை ரசமட்டம் வைத்துப் பார்த்தவன், துளைக்கு ஒரு முறை கூட வைக்கவில்லை. வெளிப்பக்கம் உள்பக்கத்தைவிட ஒரு சென்டிமீட்டர் உயரமாக இருந்தது. இது எனக்குத் தெரிய வந்தது இரண்டாவது வருடத்தில்.

போதாக்குறைக்கு இன்னொன்றும் செய்திருந்தேன். காப்பர் பைப், ஒயர், டிரெய்ன் குழாய் மூன்றையும் சேர்த்து டேப் சுற்றும்போது டிரெய்ன் குழாய் எப்போதும் அடியில் இருக்க வேண்டும். நான் பார்க்க அழகாக இருக்கட்டும் என்று அதை நடுவில் வைத்துச் சுற்றினேன்.

காற்று வறண்டிருந்த நாட்களில் ஒன்றும் தெரியவில்லை. புழுக்கம் வந்ததும் ஒரு நாள் காலை, யூனிட்டுக்குக் கீழே சுவரில் நாக்கைத் தொங்கப் போட்டது போல ஒரு ஈரத்தடம். தொட்டால் சில்லென்று இருந்தது. "ஏங்க, ஏசி அழுவுது" என்றாள். மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே சொட்டும் தண்ணீரைப் பிடிக்கும் டிரேயில் தண்ணீர் விளிம்பு வரை நின்றது. சுவருக்குள் இருந்த மேட்டைத் தாண்ட முடியாமல் குழாயில் தேங்கி, தேங்கிய இடத்தில் பாசி போல வழவழப்பு வளர்ந்து, வழி பாதியாகக் குறுகியிருந்தது. ஈரமும் தூசும் உறிஞ்சும் வாக்யூம் கிளீனரை வெளிமுனையில் துணி சுற்றிப் பொருத்தி இரண்டு நிமிடம் இழுத்ததும், சளி போலப் பழுப்பாக ஒரு கொத்து வந்து விழுந்தது. இதைச் சாப்பிடும் நேரத்தில் படிப்பவர்கள் மன்னிக்கவும். அதற்குப் பிறகு மாதம் ஒரு முறை இந்தச் சளி வைத்தியம் என் பொறுப்பாயிற்று.

அடுத்தது சத்தம். இரவு உணவு நேரத்தில் மட்டும் யூனிட்டுக்குள் 'ப்ளக்... ப்ளக்' என்று யாரோ தண்ணீருக்குள் கொட்டாவி விடுவது போல வரும். ஃபேனை இறுக்கினேன், மூடியை இறுக்கினேன், உள்ளே பல்லி ஏதாவது புகுந்துவிட்டதோ என்று கூடத் தேடினேன். இரண்டு வாரம் கழித்து மனைவிதான் சொன்னாள்: "நான் அடுப்படியில எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டாத்தான் வருது, கவனிச்சீங்களா?" போட்டுப் பார்த்தோம். ப்ளக். நிறுத்தினோம். அமைதி. ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வைத்துவிட்டு ஃபேனைப் போட்டோம். அமைதி.

காரணம் எளிது. எல்லாக் கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் வீட்டுக்குள் காற்றழுத்தம் ஒரு பொட்டு குறையும். வெளியிலிருந்து காற்று உள்ளே வர வழி தேடும். திறந்திருக்கும் வழிகளில் ஒன்று ஏசியின் டிரெய்ன் குழாய். ஒரு மில்லிமீட்டர் உயரத் தண்ணீரை அசைக்க 10 பாஸ்கல் போதும், ஒரு சமையலறை ஃபேன் அதைச் சாதாரணமாகச் செய்துவிடும். குழாய் காலியாக இருந்தால் காற்று சத்தமில்லாமல் வந்து போயிருக்கும். என் குழாயில்தான் மேட்டுக்கு இந்தப் பக்கம் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் குளம் கட்டி நிற்கிறதே, அதற்குள் குமிழியாகப் புகுந்து வந்தது. கசிவு, வழவழப்பு, கொட்டாவி மூன்றுக்கும் மூலம் அந்த ஒரு சென்டிமீட்டர்தான்.

குழாயின் முனையை ஒரு பாட்டில் தண்ணீருக்குள் முக்கி வைத்துப் பார்த்தேன். சத்தம் நின்றது. மறுநாளே குழாயில் காற்று அடைத்துக்கொண்டு தண்ணீர் அறைக்குள் வழிந்தது. முனையைத் தண்ணீரில் முக்கக் கூடாது என்று கையேட்டில் இருப்பதை அதற்குப் பிறகு படித்தேன். அப்புறம் தண்ணீரை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத ஒருவழி வால்வு ஒன்றை மாட்டினேன். சத்தம் போயிற்று. ஆனால் சளி அந்த வால்வில் போய் உட்கார்ந்துகொண்டது. மாதம் ஒரு முறை ஏறிய ஏணியில் இருபது நாளுக்கு ஒரு முறை ஏற வேண்டியதாயிற்று.

துளையைச் சரிசெய்ய வேண்டியதுதானே என்று கேட்கலாம். எனக்கு வயிற்றெரிச்சலே அங்கேதான். சரியாகத் துளை போட வேண்டுமானால் பைப்பைச் சுவரிலிருந்து உருவ வேண்டும். உருவ வேண்டுமானால் கப்ளிங்கைக் கழற்ற வேண்டும். கழற்றினால் கேஸ் போகும். அப்புறம் மெக்கானிக், வேக்யூம் பம்ப், கேஸ் நிரப்புவது எல்லாம், எதைத் தவிர்க்க இந்த செட்டை வாங்கினேனோ அதெல்லாம் வந்து வாசலில் நிற்கும். எந்தக் கப்ளிங்கைப் பார்த்துப் பூரித்தேனோ அதுதான் முதல் நாள் செய்த தப்பைச் சுவருக்குள் வைத்துப் பூட்டிவிட்டது. வழக்கமான ஸ்ப்ளிட்டை மாட்டும் மெக்கானிக் இதே தப்பைச் செய்திருந்தால், திட்டிக்கொண்டே அரை நாளில் கழற்றி மாட்டியிருப்பார்.

கடைசியில் பைப்பைத் தொடாமலே ஒரு வழி பார்த்தேன். வெளிப்பக்கம் ஏணி போட்டு, துளையின் அடி உதட்டை மட்டும் உளியால் கொத்தினேன். காப்பர் பைப்புக்கும் உளிக்கும் நடுவே ஒரு தகரத் துண்டைச் செருகி வைத்து, பொடிப்பொடியாக. ஒரு அடி தவறினால் மொத்த கேஸும் போச்சு. நான்கு மணி நேரம். துளைக்குள் உறையாகப் போட்டிருந்த ஸ்லீவின் அடிப்பாகத்தைக் கத்தியால் அறுத்து எடுத்தேன். டேப்பைப் பிரித்து டிரெய்ன் குழாயை மட்டும் அடிக்குக் கொண்டு வந்து, காப்பரின் இன்சுலேஷனைத் திரும்ப மூடி, இந்த முறை ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, டிரேயில் ஒரு மக் தண்ணீர் ஊற்றினேன். வெளியே எட்டிப் பார்ப்பதற்குள் சலசலவென்று கொட்டிவிட்டது. மூன்று வருடத்தில் அந்தக் குழாயிலிருந்து அப்படியொரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. வால்வைக் கழற்றி எறிந்துவிட்டேன். பலத்த காற்று அடித்தால் எப்போதாவது ஒரு ப்ளக் வருகிறது, அவ்வளவுதான்.

ஆக, நண்பருக்குப் பதில். மெஷின் நல்ல மெஷின். கேஸ் சிக்கல் இல்லை, சத்தம் இல்லை, குளிர்ச்சிக்குக் குறைவில்லை, ஃபில்டரைக் கழற்றிக் கழுவுவது சட்டையைக் கழற்றி மாட்டுவது மாதிரி. வாங்கலாமா என்றால், வேண்டாம். ஆள் வைத்து மாட்டும் சாதாரண ஸ்ப்ளிட்டையே வாங்குங்கள். இந்தத் தீர்ப்பில் என் தோள்வலிக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்கவில்லை. அடுத்த மாதம் கேட்டிருந்தால், துளையை மட்டும் கொத்தனாரை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள், மற்றது குழந்தை விளையாட்டு என்று சொல்லியிருப்பேனோ என்னவோ.

இதைப் படித்துக் காட்டியபோது அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பெட்டி ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டதாம். ரசமட்டத்தை இரண்டு நாளைக்குக் கடனாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.